கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட ஆள் பார்க்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் 11 வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். போனை எடுத்ததும் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு?" அடுத்தது, "எச்.டி.யா, ஏர்பிரஷ்ஷா?" முதலில் கேட்க வேண்டியது இவை இரண்டுமே இல்லை என்பது என் கட்சி. பெண் வீட்டார் என்னிடம் கேட்டவற்றையும், கேட்காமல் விட்டு மண்டபத்தில் தவித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்று நடக்கும் நம் ஊர்க் கல்யாணத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

எத்தனை மாதத்துக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டும்?

மண்டபம் உறுதியான அதே வாரம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புரட்டாசியையும் பல வீடுகளில் தள்ளிவிடுவார்கள். மிச்ச மாதங்களில் நல்ல முகூர்த்த நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தை, வைகாசி, ஆவணியில் ஒரே நாளில் ஊரில் இருக்கிற எல்லா மண்டபத்திலும் மேளம் கேட்கும். அந்த நாளுக்குக் கடைசி நேரத்தில் தேடினால், யாரும் கூப்பிடாதவர்தான் கிடைப்பார்.

இன்ஸ்டாகிராமில் படம் பார்த்து முடிவு செய்யலாமா, அக்கா?

பாருங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பது எங்கள் கடை வாசல் பொம்மை. நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, முகத்தை லேசாகத் திருப்பச் சொல்லி, நாற்பது படம் எடுத்து அதில் ஒன்றைப் போடுகிறோம். சிலது கல்யாணமே இல்லை, மாடலை வைத்து எடுத்தது. நான் உட்பட எல்லாரும் செய்வதுதான்.

மேக்கப் முடிந்ததும் எடுத்த படம் யாருடையதும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் தாலி கட்டி முடித்துப் பெண் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படத்தையோ, ஃபில்டர் போடாத போன் வீடியோவையோ கேளுங்கள். ஹோமப் புகை, வேர்வை, அழுகை, ஐம்பது பேர் வைத்துவிட்ட குங்குமம் எல்லாம் தாண்டி அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் நிறத்தில் இருக்கிற பெண்ணுக்குச் செய்ததையும் காட்டச் சொல்லுங்கள். பக்கம் முழுக்கச் சிவந்த பெண்களே இருந்தால், மாநிறத்துக்கு அவர் கை பழகவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

முடிந்தால் பழைய மணப்பெண் இரண்டு பேரிடம் பேசுங்கள். "நன்றாகச் செய்தாரா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார்?" என்று கேளுங்கள்.

அப்படியானால் முதலில் என்னதான் கேட்க வேண்டும்?

"அன்றைக்கு வேறு கல்யாணம் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா? எங்கள் பெண் கூறைப் புடவை மாற்றி முடிக்கும்வரை நீங்களே இருப்பீர்களா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.30 முதல் 6 வரை முகூர்த்தம் என்றால் 4.15-க்குப் பெண் தயாராக இருக்க வேண்டும். முகத்துக்கு ஒரு மணி நேரம், தலைக்கு ஒரு மணி நேரம், புடவைக்கும் நகைக்கும் அரை மணிக்கு மேல். ஆக 1.30-க்கு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சரியாக வரும். முந்தின இரவு ரிசப்ஷன் மேடையை விட்டு இறங்கவே 10.30 ஆகும். மேக்கப்பைக் கலைத்து, கொண்டைக்குள் இருக்கிற ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவி, ஒரு வாய் சாப்பிட்டுப் படுத்தால் மணி 12. பெண்ணுக்கே ஒன்றரை மணி நேரத் தூக்கம்தான். இந்த லட்சணத்தில் மேக்கப் போடுகிறவர், "வீட்டுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்றால் விட்டுவிடாதீர்கள். மண்டபத்திலேயே ஒரு பாயைப் போட்டுப் படுக்கச் சம்மதிக்கிறவர்தான் வேண்டும். அவருக்கு ஒரு மூலை ஒதுக்குவது உங்கள் பொறுப்பு.

இனி கூறைப் புடவை. பெண் மணவறைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே வந்து மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கையில் இருப்பது மிஞ்சினால் 20 நிமிடம். மணமகள் அறையில் அத்தை, சித்தி, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகள் என்று 15 பேர் நிற்பார்கள். ஒட்டியாணம் கழற்ற வேண்டும், ஆரம் கழற்ற வேண்டும், ஜடை கலையக் கூடாது, புதுப் பட்டில் பவுடர் படக் கூடாது. ஐந்தாவது நிமிடமே, "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, நேரமாச்சு" என்று கதவைத் தட்டுவார்கள். நான் உள்ளே போனதும் பெண்ணின் அம்மாவைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவேன். என் உதவியாள் நகையைக் கழற்றிப் போட்ட வரிசையிலேயே துண்டின் மேல் பரப்புவாள். நான் ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு கொசுவம் வைப்பேன். சில அத்தைமார்கள் கோபித்துக்கொள்வார்கள், பந்தியில் சமாதானமாகிவிடுவார்கள்.

இந்த 20 நிமிடத்துக்கு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தப்பு செய்தவள் நான்தான். தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண், துவாக்குடியில் ஒரு பெண், ஒரே நாள். முகூர்த்த நேரம் வேறு வேறு என்பதால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் பெண்ணை மணவறையில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். புடவை மாற்ற விட்டுவந்த சின்னப் பெண்ணுக்கு மடிசார் கட்டத் தெரியாது, அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் யாரோ ஒரு மாமி வந்து கட்டிவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பெண்தான்.

எச்.டி. மேக்கப்பா, ஏர்பிரஷ்ஷா? எது நல்லது?

ஏர்பிரஷ் என்பது ஒரு கருவி. சின்ன கம்ப்ரஸரில் இருந்து வரும் காற்று, பேனா அளவு துப்பாக்கி வழியாக ஃபவுண்டேஷனைப் பனிபோல் முகத்தில் தெளிக்கும். மெல்லிசாக உட்காரும், எண்ணெய் வழிகிற முகத்துக்கு நல்லது. ஆனால் வறண்ட சருமத்தில் தோல் உரிந்திருக்கிற இடத்தை எடுத்துக் காட்டிவிடும். அதைவிட முக்கியம், தாரை தாரையாக அழுகிற பெண் என்றால் கன்னத்தில் கோடு விழும், அதை ஒட்டுப்போடுவது கஷ்டம். எங்கள் பக்கம் பெண்ணை அனுப்பிவைக்கும்போது அழாத வீடு கிடையாது.

எச்.டி. என்பது கருவியும் இல்லை, முறையும் இல்லை. கேமரா கூர்மையானதும், அதில் திட்டுத் திட்டாகத் தெரியாத மாதிரி நைசாக அரைத்த பொருட்கள் வந்தன. அந்தப் பொருட்களுக்கு வந்த பெயர் இப்போது பேக்கேஜுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு நல்ல பொருள் எல்லாமே அந்த ரகம்தான். ஆகவே "சாதா மேக்கப் இவ்வளவு, எச்.டி. இவ்வளவு, அல்ட்ரா எச்.டி. இவ்வளவு" என்று மூன்று விலை சொன்னால், மூன்றுக்கும் என்னென்ன பொருள் மாறுகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

பெண் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிய வேண்டும், முடியுமா?

இதைக் கேட்பது பெரும்பாலும் பெண் இல்லை, அம்மா. முடியும், செய்யக் கூடாது. முகத்தை மட்டும் இரண்டு நிறம் ஏற்றினால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுத்துவிடும். மாலை மாற்றும்போது கை முகத்துக்குப் பக்கத்திலேயே வரும், கேமராவும் அங்கேயேதான் நிற்கும். மாநிறத்தில் வெளிர் ஃபவுண்டேஷனை ஏற்றினால் சிவப்பு வராது, சாம்பல் பூத்த மாதிரி ஆகும். ஒருமுறை ஒரு அம்மாவின் வற்புறுத்தலுக்கு இணங்கிச் செய்தேன். ஆல்பம் வந்ததும் அதே அம்மா போன் செய்து, "என்னம்மா, என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்து எழுந்த மாதிரி இருக்கா" என்றார்.

நிறம் பார்க்கிறவர் தாடை ஓரத்தில் தடவிக் கழுத்தோடு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். புறங்கையில் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க ஷேடு இதுதான்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வம்பு, ஃபிளாஷ். சன் ஸ்க்ரீனில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு, மேலே போடும் சிலிக்கா பவுடர் ஆகியவை ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் சரியாக இருக்கிற முகம் படத்தில் கண்ணுக்குக் கீழே மாவு கொட்டின மாதிரி வரும். சோதிப்பது சுலபம்: விளக்கை அணைத்துவிட்டு, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள்.

ட்ரையல் தேவையா? அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்களே?

காசு வாங்குவது நியாயம்தான். பொருளும் இரண்டு மணி நேரமும் போகிறது. ரிசப்ஷனுக்கு மட்டும் அவரை வைக்கிறீர்கள் என்றால் விட்டுவிடலாம். முகூர்த்தத்துக்கும் அவர்தான் என்றால் ஒரு ட்ரையல் பாருங்கள். நிச்சயதார்த்தத்துக்கு அவரையே கூப்பிட்டால் அதுவே ட்ரையல் ஆகிவிடும். அவருக்கும் வரும்படி, உங்களுக்கும் மிச்சம்.

ட்ரையல் முடிந்ததும் முகத்தைக் கழுவாதீர்கள். ஆறு மணி நேரம் வைத்திருங்கள். அடுப்படியில் நில்லுங்கள், வெயிலில் கடைக்குப் போய் வாருங்கள், சாப்பிடுங்கள். சாயங்காலம் மூக்கோரமும் உதட்டுக்கு மேலும் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தால் அவருடைய வேலை தெரிந்துவிடும்.

தலை அலங்காரத்துக்குத் தனி ஆள் வேண்டுமா?

ஒருவரே இரண்டையும் நன்றாகச் செய்தால் சந்தோஷம். ஆனால் முகத்தில் கெட்டிக்காரியாக இருக்கிற பலருக்குத் தலை வராது. ரிசப்ஷன் கொண்டை, சுருள் முடி எல்லாம் வரும். சவுரி வைத்து நீளப் பின்னல் போட்டு, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஜடை நாகம், கீழே குஞ்சலம் என்று நேர்கோட்டில் நிறுத்துவது வேறு வித்தை. வகிடு ஒரு நூல் சாய்ந்தாலும் நெற்றிச்சுட்டி சாயும், நெற்றிச்சுட்டி சாய்ந்தால் முகமே கோணலாகத் தெரியும்.

ஜடை போட்டபின் பெண்ணைத் தலையை ஆட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். பூவும் நகையும் சேர்ந்து ஜடை கனக்கும். சவுரியை முடியின் அடியில் நன்றாகக் கட்டாமல் பின்னை மட்டும் நம்பினால், ஒரு மணி நேரத்தில் பெண்ணுக்குத் தலைவலி வந்துவிடும். தலைவலியோடு சிரிக்கிற முகத்துக்கு என்ன மேக்கப் போட்டு என்ன?

பலர் யோசிக்காதது பின்கழுத்து. தாலி கட்டும்போது மாப்பிள்ளை கையும் நாத்தனார் கையும் அங்கேதான் வரும். உச்சியில் இருந்து முதுகு வரை தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த ஜடை பலகை மாதிரி நிற்கும். அதை ஒருவர் தூக்கிப் பிடித்தால்தான் முடிச்சுப் போட முடியும். ஆகவே கழுத்தோரம் நாலு விரல் அளவுக்குப் பூ வைக்காமல் விடுபவர்தான் விவரமானவர். மாலையும் அங்கேதான் உரசும். நெருக்கிக் கட்டிய ரோஜா மாலை இரண்டு முறை ஏறி இறங்கினால் ஜடையில் பாதிப் பூ உதிர்ந்துவிடும்.

பூ யார் வாங்குவது என்பதை முன்னாலேயே பேசுங்கள். கல்யாணக் காலையில் நான் பார்த்த சண்டைகளில் பாதி இதனால்தான். நான் ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் முந்தின நாளே சொல்லிவைத்து வாங்குவேன், பில் உங்களுடையது. நீங்களே வாங்குவதானால் மல்லிகை மொட்டாக இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு விரிந்துகொள்ளும்.

புகை, மஞ்சள், தண்ணீர்... இதெல்லாம் மேக்கப்பைக் கெடுக்காதா?

கெடுக்கும். உங்கள் வீட்டுச் சடங்கு என்னென்ன என்று கேட்காமல் அட்வான்ஸ் வாங்குகிறவரிடம் கவனமாக இருங்கள். நலங்கில் சமையல் மஞ்சளை முகம் முழுக்கப் பூசினால் மறுநாளும் போகாது, நான் எடுத்துவைத்த ஷேடு அந்த முகத்துக்குப் பொருந்தாது. கன்னத்தில் தொட்டுவைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள், அல்லது கஸ்தூரி மஞ்சள் வாங்கிக்கொடுங்கள். பிராமணக் கல்யாணத்தில் நுகத்தடியைப் பெண்ணின் தலைக்கு மேல் பிடித்து, அதன் துளை வழியாக மந்திரம் சொல்லித் தண்ணீர் விடுவார்கள். வாத்தியாரிடம் முதலிலேயே சொன்னால் நாலு சொட்டோடு நிறுத்துவார். சொல்லாவிட்டால் வகிட்டில் இருந்து மூக்கு வரை ஆறு ஓடும்.

புகைக்குக் கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும். கர்சீப்பால் துடைக்கக் கூடாது, டிஷ்யூவை மடித்து ஒற்ற வேண்டும். பெண்ணின் பக்கத்தில் உட்கார்கிற தோழியிடம் நாலு டிஷ்யூவைக் கொடுத்து வையுங்கள். கலர் லென்ஸ் ரிசப்ஷனோடு போதும், ஹோமத்துக்கு வேண்டாம். போடுவதானாலும் மேக்கப்புக்கு முன்னால் போட வேண்டும். வேர்வையில் நெற்றிச்சுட்டிக்குக் கீழே ஸ்டிக்கர் பொட்டு நழுவும், அதற்கு இமை ஒட்டுகிற பசையில் ஒரு துளி போதும்.

அலர்ஜி வருமோ என்று பயமாக இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

அவருடைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். தயங்காதீர்கள். டப்பாவில் மூடி திறந்த மாதிரி ஒரு சின்னப் படமும் 12எம், 24எம் என்றும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். லிப்ஸ்டிக்கைக் குச்சியோடு உதட்டில் தேய்க்காமல், ஸ்டீல் தட்டில் சுரண்டி எடுத்துப் பிரஷ்ஷால் போட வேண்டும். மஸ்காராவுக்குத் தூக்கிப்போடும் பிரஷ், ஆளுக்கு ஒரு ஸ்பாஞ்ச். போன முகூர்த்தத்துப் பெண்ணுக்கு மெட்ராஸ் ஐ இருந்து, அதே கண் மையை உங்களுக்கு இழுத்தால் என்ன ஆகும்?

சென்சிடிவ் சருமம் என்றால் ஃபவுண்டேஷனையும் இமைப் பசையையும் முழங்கை மடிப்பில் தொட்டுவைத்து 48 மணி நேரம் பாருங்கள். பார்லரில் புதிதாக ஏதாவது ஃபேஷியல், ப்ளீச் என்று கடைசிப் பத்து நாளில் பரிசோதனை செய்யாதீர்கள். த்ரெடிங் மூன்று நாள் முன்னால் போதும். மருதாணி இரண்டு நாள் முன்னால் வைத்தால் கல்யாணத்தன்று நன்றாகச் சிவந்திருக்கும். "பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும்" என்கிற கோன் வேண்டவே வேண்டாம். அப்படிக் கறுக்கிறதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்கிற ரசாயனம் இருக்கும். கை கொப்பளித்துப்போன பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

புடவையை முன்னாலேயே ப்ளீட்ஸ் எடுத்து அயர்ன் செய்து தருகிறார்களே, அது வேண்டுமா?

ரிசப்ஷன் புடவைக்குச் செய்யலாம். கூறைப் புடவைக்கும் செய்தால் அந்த 20 நிமிடத்தில் பத்து மிச்சம். ஆனால் அது மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது, புது மடிப்போடு தட்டில் வைக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைக்கலாம். சம்பந்தியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விலை எவ்வளவு? அட்வான்ஸ் கொடுத்த பிறகு மாற்றிப் பேசினால்?

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். நான் இரண்டு வேளைக்கும் சேர்த்து 28,000 வாங்குகிறேன், என்னைவிடக் குறைவாக என்னைவிட நன்றாகச் செய்கிறவர்களும் உண்டு. தொகையைவிட அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதுதான் விஷயம். தலை, சவுரி, புடவை கட்டுவது, கூறை மாற்றுவது, ஜடை நகை வாடகை, பூ, கார் செலவு, நள்ளிரவு வேலைக்குத் தனிப் பணம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவரே வருவாரா, அவருடைய டீம் வருமா என்பதையும் கேளுங்கள். பெரிய பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, அன்றைக்கு அவருடைய மாணவி வந்து நின்றால் அப்போது என்ன செய்வீர்கள்? பத்திரம் எல்லாம் வேண்டாம். பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்பி, "சரிதானே?" என்று கேளுங்கள். அவர் "சரி" என்று அனுப்பினால் போதும்.

எங்களுடையது சர்ச் கல்யாணம். நிக்காஹ் என்றாலும் இதேதானா?

அடிப்படை இதேதான். சர்ச்சுக்கு வெள்ளைப் புடவை என்றால் ஃபவுண்டேஷன் கழுத்தோரம் கறை படும், அதனால் புடவைக்கு முன்னால் கழுத்து காய்ந்திருக்க வேண்டும். தலையில் போடும் நெட் முக்காட்டைத் தாங்கும் கொண்டை போட்டாரா என்று பார்க்க, தலைமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டு இழுத்துப் பாருங்கள், அது நழுவாது என்றால் சரி. நிக்காஹ் என்றால் பெண்கள் மட்டும்தான் உதவிக்கு வருவார்களா, ஹிஜாபோடு நகை வைத்துப் பழக்கமா என்று கேளுங்கள். யாராக இருந்தாலும், பெண்ணின் படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாவில் போடக் கூடாது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் அவரே போட்டுவிடுவாரா?

தனி ஆள், தனிக் காசு. "அப்படியே எனக்கும் ஒரு டச் கொடுத்துடும்மா" என்று வரிசை கட்டினால் பெண்ணின் நேரம்தான் குறையும்.

அன்று காலை பெண் என்ன சாப்பிடலாம்?

சில வீடுகளில் தாலி ஏறும்வரை சாப்பிடக் கூடாது என்பார்கள், அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. பாலோ பழமோ கூடாதா என்று கேட்டுப் பாருங்கள். தடை இல்லை என்றால், தலை பின்னும்போதே இரண்டு இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அம்மாவை ஊட்டிவிடச் சொல்லுங்கள். சாம்பார் வேண்டாம், சர்க்கரை தொட்டுக்கொள்ளட்டும். லிப்ஸ்டிக்கை நான் கடைசியில்தான் போடுவேன்.